மின்சாரம் கேட்காத மாற்று வழி: பேஸ் கிட்டாருக்கு ஒரு கச்சேரிப் பை அமைத்த அனுபவம்

ஆடி மாதத்து அம்மன் திருவிழா ஒன்றில், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் எங்கள் மெல்லிசைக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. ஒன்பதாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில் என் பேஸ் கிட்டாரின் ஒலி முதலில் கரகரத்தது. பிறகு ஒவ்வொரு சுரமும் நசுங்கி ஒலித்தது. பல்லவிக்குத் திரும்புவதற்குள் முற்றிலும் அடங்கிவிட்டது. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் என் முகத்தைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொண்டு, இடது கையால் பேஸ் பகுதியை எடுத்துக்கொண்டார். கிட்டாருக்குள் இருந்த 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. என் பையில் புதிய பேட்டரி ஒன்று இருந்தது. ஆனால் பேட்டரி அறையின் மூடியை நான்கு சிறிய திருகாணிகள் பிடித்திருந்தன; அவற்றைக் கழற்றும் திருப்புளி, மேடைக்குப் பின்னால் நின்ற வேனில் வேறொரு பெட்டிக்குள் இருந்தது. அதைத் தேடி எடுத்துவந்து, மேடை விளக்கின் நிழலில் திருகாணிகளைக் கழற்றி, பேட்டரியை மாற்றி, மீண்டும் ஒலி வரும்போது இரண்டரைப் பாடல்கள் கடந்திருந்தன.

பேஸ் வாசிப்பவர் சில நிமிடங்கள் நின்றுவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் 1980களின் இளையராஜா பாடல்கள்தாம். அவற்றில் பேஸ் என்பது தாளத்துக்கு அடியில் ஒலிக்கும் வெறும் ஆதாரம் அன்று; பாடகரின் மெட்டுக்கு எதிரே நடக்கும் இன்னொரு மெட்டு. அது நின்றால், காரணத்தைச் சொல்லத் தெரியாத ரசிகருக்கும் பாட்டு ஒல்லியாகிவிட்டது என்பது உடனே தெரியும். அந்தக் கிராமத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், கச்சேரி முடிந்ததும் என்னிடம் வந்து, “தம்பி, நடுவுல அந்த ‘தும் தும்’ எங்க போச்சு?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அடுத்த நான்கு மாத வேலைக்குத் தொடக்கமாக அமைந்தது.

வீடு திரும்பியதும் ஒரு தாளை எடுத்து, விரலிலிருந்து மிக்ஸர் வரை ஒலி செல்லும் பாதையை வரைந்தேன். கம்பி, அதன் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப், அதை வலுவாக்கக் கிட்டாருக்குள் இருக்கும் ப்ரீ-ஆம்ப், வெளியேறும் ஜாக், ஆறு மீட்டர் கேபிள், சுருதி பார்க்கும் ட்யூனர் பெடல், ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.ஐ. பெட்டி, மைக்குகளுக்குப் பயன்படும் மூன்று முனைக் கேனான் கேபிள், மிக்ஸர். டி.ஐ. பெட்டியிலிருந்து கிளைத்து, எனக்கருகே வைத்திருக்கும் சிறிய ஆம்புக்கும் ஒரு வழி போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுப் பொருள் வாங்கிச் சுமப்பதுதான் முதலில் தோன்றிய எண்ணம். அப்படிக் கணக்கிட்டால் பெட்டியின் எடை இருபது கிலோவைத் தாண்டியது. ஆகவே வேறு விதமாக யோசித்து, இந்தப் பாதையில் மின்சாரத்தை நம்பி நிற்கும் இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ப்ரீ-ஆம்புக்குப் பேட்டரி வேண்டும், பெடலுக்கு அடாப்டர் வேண்டும், என்னுடைய டி.ஐ. பெட்டிக்கு மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும். ஆம்புக்கு 230 வோல்ட் வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளில் மேடையில் என் ஒலி நின்றுபோன தருணங்களை நினைவுபடுத்திப் பார்த்தபோது, அறுந்த கேபிள்களைத் தவிர மற்ற எல்லாமே அந்த நான்கு வட்டங்களுக்குள் அடங்கின. எனவே, மாற்று வழியில் பேட்டரியோ அடாப்டரோ எதுவுமே இருக்கக்கூடாது என்றும், முதன்மை வழியிலிருந்து அதற்கு மாற ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையிலான நேரம் போதுமானதாக இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தேன்.

முதல் தேவை ப்ரீ-ஆம்ப் இல்லாத, அதாவது பாஸிவ் வகைப் பேஸ் ஒன்று. நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் ஆறேழு ஆண்டுகளாகக் கிடந்த பிரிசிஷன் பேஸ் பாணிக் கிட்டாரைச் சொற்ப விலைக்குக் கொடுத்தார். இந்த வகையில் பிக்கப் இரண்டு துண்டுகளாகப் பிரிந்து, ஒன்று தடித்த இரு கம்பிகளுக்கும் மற்றொன்று மெல்லிய இரு கம்பிகளுக்கும் அடியில் இருக்கும். ஃபெண்டர் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் கொண்டுவந்த அமைப்பு அது. இரண்டு சுருள்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டுத் தொடராக இணைக்கப்படுவதால், வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். சீரியல் விளக்குகளும் ஒளி குறைக்கும் டிம்மர்களும் சூழ்ந்த மண்டபங்களில் வாசிக்கிறவர்களுக்கு இது மிகப் பெரிய உதவி.

ஆனால் அந்தக் கிட்டாரை ஆம்பில் செருகிய உடனே பெரும் இரைச்சல்தான் வந்தது. கம்பிகளைத் தொட்டால் இரைச்சலில் மாற்றமில்லை. ஜாக்கின் உலோகப் பகுதியைத் தொட்டால் குறைந்தது. கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாலத்துக்குச் செல்லும் எர்த் கம்பி துண்டித்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. மல்டிமீட்டரைப் பீப் ஒலி நிலையில் வைத்து, ஒரு முனையைப் பாலத்திலும் மறு முனையை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வைத்தேன், ஒலி வரவில்லை. பாலத்தைப் பிடித்திருந்த ஐந்து திருகாணிகளையும் கழற்றித் தூக்கிப் பார்த்தபோது, அடியில் வெறுமனே அழுத்தி வைக்கப்பட்டிருந்த செம்புக் கம்பி பச்சையாகப் பூத்திருந்தது. கடற்கரை ஊரின் பரணில் கிடந்ததன் விளைவு. நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, பாலத்தின் அடிப்பகுதியையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பொருத்தியதும் மீட்டர் ஒலித்தது. இரைச்சலும் அடங்கியது.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது வந்த கரகரப்பு, காண்டாக்ட் கிளீனரை அடித்து இருபது முறை முன்னும் பின்னும் திருப்பியதில் நின்றது. டோன் குமிழ் அதற்கு மசியவில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த 250 கிலோ ஓம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) ஒன்றை அதற்குப் பதிலாகச் சால்டர் செய்தேன். குமிழ்கள் இரண்டையும் முழுதாகத் திறந்துவைத்து ஜாக்கின் இரு முனைகளுக்கிடையே அளந்தபோது சுமார் பத்து கிலோ ஓம் காட்டியது. இந்த வகைப் பிக்கப்புக்கு அது இயல்பான அளவு. கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் சரி; இதிலோ மூன்று கார்டுகள் நுழைந்தன. கழுத்தை நிமிர்த்த அதற்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டை ஒரே நாளில் இறுக்கிவிடக் கூடாது. கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் விட்டு, மீண்டும் பார்த்து, அடுத்த கால் சுற்று என்று நான்கு நாள்களில் நேராக்கினேன். பிறகு முதன்மைக் கிட்டாரில் உள்ள அதே தடிமன் கம்பிகளைப் போட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிகளின் உயரத்தையும் அதற்குச் சமமாக்கினேன். இரண்டு கிட்டார்களும் கைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பதற்றமான நேரத்தில் விரல்கள் பழைய பழக்கத்தைத்தான் தேடும்.

கேபிள்களை நானே செய்வது என்று தீர்மானித்ததற்குப் பணம் மட்டும் காரணமன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த கேபிளை மேடையிலும் என்னால் திறந்து பார்க்க முடியும். ஆறு மீட்டர் நீளத்தில் இரண்டும், மூன்று மீட்டர் நீளத்தில் ஒன்றும் போதும் என்று கணக்கிட்டேன். ஆடியோ கடைகளில் பி-38 என்று கேட்டால் கிடைக்கும் 6.35 மில்லிமீட்டர் ஜாக்குகளில், முழு உலோக உடலும் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பும் கொண்டவற்றையே தேர்ந்தெடுத்தேன். நடுக் கம்பி ஜாக்கின் முனைக்கும், சுற்றிவரும் பின்னல் அதன் உடலுக்கும் போக வேண்டும். முதலில் செய்த கேபிள் ஒலித்தது; ஆனால் ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாக இருந்தது. ஒரு மாலை முழுவதும் தேடிய பிறகே காரணம் தெரிந்தது. இத்தகைய கேபிள்களில், நடுக் கம்பியின் வெள்ளை உறைக்கு மேலே கறுப்பு நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கும். உரசலால் எழும் இரைச்சலைத் தடுக்க வைக்கப்படும் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. அதை நான் முனைவரை விட்டுவைத்ததால், அது நடுக் கம்பியின் சால்டரைத் தொட்டுக்கொண்டு, ஒலியின் ஒரு பகுதியைப் பின்னலுக்குக் கசியவிட்டிருக்கிறது. ஐந்து மில்லிமீட்டர் தூரத்துக்கு அந்தப் படலத்தை உரித்து நீக்கியதும் ஒலி தெளிந்தது. வீட்டில் கேபிள் செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். சால்டர் ஆறிய பிறகு பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கிப்போய் மணல்போலத் தெரிந்தால், அந்த இணைப்பு சில மாதங்களில் விட்டுப்போகும் என்று கருதி மீண்டும் சூடாக்குவது நல்லது. ஒவ்வொரு கேபிளையும் மல்டிமீட்டரில் மாட்டி, பீப் ஒலி கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு முனைகளையும் வளைத்தும் முறுக்கியும் பார்த்தேன். ஒலி ஒருமுறை விட்டுவிட்டு வந்தாலும் அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி செய்தேன்.

டி.ஐ. பெட்டி விஷயத்தில் நீண்ட நாள் தயங்கினேன். கிட்டாரின் மெல்லிய, எளிதில் இரைச்சலை வாங்கிக்கொள்ளும் ஒலியை, நாற்பது ஐம்பது மீட்டர் தொலைவிலுள்ள மிக்ஸருக்குச் சேதமின்றிப் போகும்படி மாற்றித் தருவதுதான் அதன் வேலை. என்னுடைய பழைய பெட்டிக்கு ஃபேன்டம் பவர் தேவை. சிறிய மிக்ஸர்கள் பலவற்றில் எல்லாச் சானல்களுக்கும் சேர்த்து ஒரே ஃபேன்டம் பொத்தான்தான் இருக்கும். வேறு ஏதோ காரணத்துக்காக ஆடியோக்காரர் அதை அணைத்தால் என் பேஸும் சேர்ந்து அணைந்துவிடும். ஆகவே மாற்று வழிக்கு, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே உள்ள பாஸிவ் டி.ஐ. ஒன்றை வாங்கினேன். அதன் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுவிகிதம் 12:1. மிக்ஸரின் உள்ளீட்டு மின்தடை 1.5 கிலோ ஓம் என்றால், கிட்டார் உணர்வது அதைப்போல 12×12 = 144 மடங்கு, அதாவது 216 கிலோ ஓம் சுமை. முன்பிருந்த பெட்டி ஒரு மெகா ஓம் சுமையைக் காட்டியது. பாஸிவ் பிக்கப்புக்கு இந்த வேறுபாடு கேட்கும். மேல் அதிர்வுகள் சற்று மழுங்கும். நான்கு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டபின், கச்சேரி நடுவே கிடைக்கும் சற்றே மழுங்கிய பேஸ், ஒலிக்காத பேஸைவிட எவ்வளவோ மேல் என்று மன நிறைவோடு ஏற்றுக்கொண்டேன்.

பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு விசை இருக்கும். ஆம்பும் மிக்ஸரும் வேறுவேறு இணைப்புகளிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது எழும் ‘ம்ம்’ என்ற முணுமுணுப்பை அந்த விசையால் நிறுத்தலாம். அதே முணுமுணுப்பை நிறுத்துவதற்காகப் பிளக்கின் பெரிய எர்த் பின்னை உடைத்தெறிவதைப் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். கையில் கம்பியும் உதட்டருகே மைக்கும் இருக்கும் ஒருவருக்கு, எர்த் இல்லாத ஆம்ப் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

இதனால்தான் பையில் முதலாவதாக வைத்த கருவி மல்டிமீட்டர். மேடைக்கு வந்ததும், எதையும் செருகுவதற்கு முன், பிளக் பாயிண்டில் அளக்கிறேன். ஜெனரேட்டரிலிருந்து வரும் மின்சாரம் 200 வோல்ட்டுக்குக் கீழோ 250 வோல்ட்டுக்கு மேலோ காட்டினால் ஆம்பை இணைப்பதில்லை. மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி தளர்ந்துவிட்டால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் வந்துவிடக்கூடும். ஓர் ஆம்பும் ஒரு கீபோர்டும் ஒரே நொடியில் கருகியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்து, மைக்கின் உலோக வலைக்கும் என் கிட்டார்க் கம்பிக்கும் இடையே ஏ.சி. வோல்ட்டேஜை அளக்கிறேன். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் பாடகரை மைக் அருகே போகச் சொல்வேன். 100, 115 என்று காட்டினால் எங்கோ எர்த் இல்லை என்று பொருள். பெரும்பாலும் அது அடாப்டர்களுக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம்தான் என்றாலும், எது கசிவு, எது உயிர்க்கம்பியின் தொடுதல் என்று மேடையில் நின்று ஊகிக்க முடியாது. சரிசெய்யும்வரை வாசிப்பதில்லை.

முதல் ஒத்திகையிலேயே ஒரு சிக்கல் வெளிப்பட்டது. ப்ரீ-ஆம்ப் உள்ள கிட்டார் ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாக ஒலித்தது. கச்சேரி நடுவே மாற்றினால், பேஸ் திடீரென்று பின்னுக்குப் போய்விடும். ஆடியோக்காரர் அதைக் கவனித்து உயர்த்துவதற்குள் பாட்டு முடிந்துவிடும். ஆகவே இப்போது ஒலிச் சோதனையைப் பாஸிவ் கிட்டாரோடுதான் தொடங்குகிறேன். அதற்கு ஏற்றபடி அளவை அமைத்துக்கொண்ட பிறகு, முதன்மைக் கிட்டாரை எடுத்து, அதன் வால்யூம் குமிழைச் சத்தம் சமமாகும்வரை குறைக்கிறேன். அந்த இடத்தைக் குமிழின் அருகே வெள்ளை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக் குறித்திருக்கிறேன்.

வசதி இருக்கும் இடங்களில், “அண்ணே, பேஸுக்கு இன்னொரு சானல் கிடைக்குமா? மியூட்லயே இருக்கட்டும்” என்று முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை. சோதனை நேரத்துக்குத் தாமதமாக வந்து கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள். மாற்றுக் கிட்டார் சுருதி சேர்க்கப்பட்டு, கேபிள் செருகப்பட்டு, பாஸிவ் டி.ஐ. வழியாக அந்தச் சானலில் இணைக்கப்பட்டு, என் வலது கைக்கு எட்டும் தூரத்தில் ஸ்டாண்டில் நிற்கும். கூடுதல் சானல் கிடைக்காத இடங்களில், டி.ஐ.யின் பின்னால் உள்ள கேனான் கேபிளை ஒன்றிலிருந்து பிடுங்கி மற்றொன்றில் செருக வேண்டும். அதற்கு முன் ஆடியோக்காரருக்குக் கையைக் குறுக்கே அசைத்துச் சைகை காட்டுவேன். மியூட் செய்யாமல் பிடுங்கினால் வெடிப்பதுபோல் எழும் சத்தம் ஸ்பீக்கரைக் கெடுத்துவிடும். இதையெல்லாம் வீட்டு மாடியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பழகினேன். முதல் முயற்சிக்கு ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஆயிற்று. தோள்வார் இரண்டு கிட்டாருக்கும் ஒன்றாக இருந்ததே தாமதத்துக்குக் காரணம். இன்னொரு வாரை வாங்கி மாட்டிய பிறகு இருபத்தைந்து விநாடியில் முடிகிறது. மாற்றுக் கிட்டாரின் தோள்வார்த் திருகாணி தளர்ந்திருந்ததையும் இந்தப் பயிற்சியில்தான் கண்டுபிடித்தேன். துளைக்குள் மரப்பசை தடவிய இரண்டு மூங்கில் பல்குச்சிகளைச் செருகி, காய்ந்ததும் வெட்டிவிட்டு, திருகாணியை மீண்டும் இறுக்கினேன்.

கூடுதல் கம்பிகளை இப்போது வேனிலேயே விட்டுவிடுகிறேன். பேஸ் கம்பி அறுவது அரிது. அறுந்தாலும் மேடையில் புதுக் கம்பி போடுவது வீண்வேலை. போட்ட கம்பி நிலைகொள்ளும்வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். நடக்கும் பாட்டை மீதிக் கம்பிகளில் முடித்துவிட்டுக் கிட்டாரையே மாற்றிவிடலாம். மெல்லிய ஜி கம்பி போனால், அதன் சுரங்கள் அனைத்தும் பக்கத்து டி கம்பியில் ஐந்து ஃப்ரெட் மேலே கிடைக்கும். இரண்டாவது ஆம்பையும் நீக்கிவிட்டேன். அது போனால் மேடையை நோக்கி இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் பேஸைச் சற்று ஏற்றச் சொன்னால் போதும். கிட்டார் நீங்கலாக, தோளில் மாட்டும் பை மூன்றரை கிலோவுக்குள் நின்றது.

இந்த ஏற்பாடு உண்மையில் தேவைப்பட்டது தை மாதத்துத் திருமண வரவேற்பு ஒன்றில். மண்டபத்தில் மின்சாரம் நின்று ஜெனரேட்டருக்கு மாறியபோது, யு.பி.எஸ். இருந்ததால் மிக்ஸர் அணையவில்லை. ஆனால் என் ட்யூனர் பெடலின் அடாப்டர் திரும்ப உயிர் பெறவில்லை. அந்தப் பெடலுக்குள் பஃபர் சுற்று இருக்கிறது. அத்தகைய பெடல்கள் மின்சாரம் இல்லாதபோது ஒலியைக் கடந்துபோகவே விடுவதில்லை. அது ஒரு டூயட்டின் இடையிசை. என் முறை வர எட்டுத் தாளச் சுற்றுகள் இருந்தன. முதன்மைக் கிட்டாரைக் கழற்றி ஸ்டாண்டில் சாய்த்து, மற்றதை மாட்டிக்கொண்டு, ஆடியோக்காரரைப் பார்த்து இரண்டு விரல்களைக் காட்டினேன். அவர் இரண்டாவது சானலைத் திறந்தார். சரணத்தின் முதல் இரண்டு சுரங்களைத் தவறவிட்டேன், மூன்றாவதிலிருந்து சேர்ந்துகொண்டேன். கீபோர்டு அண்ணன் பேஸ் பகுதிக்கு இடது கையைக் கொண்டுபோகவே இல்லை, சாப்பாட்டுப் பந்தியில்தான், “எப்ப கிட்டாரை மாத்தின?” என்று கேட்டார்.

அதன்பின் செய்த மாற்றங்கள் சிறியவை. பேட்டரி மூடியைத் திருகாணி இல்லாத, நகத்தால் திறக்கும் வகைக்கு மாற்றினேன். ஜாக் செருகியிருக்கும்வரை ப்ரீ-ஆம்ப் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்குவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். பேட்டரியின் மேல் மாட்டிய தேதியை எழுதிய டேப்பை ஒட்டுகிறேன். மீட்டரில் 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது வேறெதற்கும் போகாமல் நேரே மின்கழிவுப் பெட்டிக்குப் போகிறது. மேடையில் விட்டுவிட்டு ஒலித்த கேபிளை, யாரும் நல்லதென்று நினைத்து மீண்டும் எடுக்காதபடி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுத்தான் பைக்குள் வைக்கிறேன். இப்போது அப்படி ஒன்று முடிச்சோடு கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதன் ஜாக்கைத் திறந்து பார்க்க வேண்டும்.